தலைவலி தொடங்கிய நேரம்

பினாங்கில் தைப்பூசத்துக்கு மறுநாள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்குத் தலைவலி இருக்கும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்த வெயில், விரதம், இரண்டு இரவுத் தூக்கமின்மை. அப்படி ஒரு நாளில்தான் அந்த அம்மா வந்தார். அப்போது நான் மருத்துவராகப் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு.

ஐம்பதைத் தாண்டியவர். நெற்றி முழுக்கக் கோடாலித் தைலம். பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு வர, தாமே நடந்து வந்தார். பனடோல் போட்ட பிறகு கொஞ்சம் தேவலாம் என்றார். இரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்தது. வெயில்தான் காரணம் என்று எழுதி, வலி மாத்திரை கொடுத்து, அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சை மண்டலத்தில் உட்கார வைத்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மகள் வேலையிலிருந்து ஓடி வந்தார். "டாக்டர், காலை எட்டு மணிக்குத் தண்ணீர்ப் பந்தல் அண்டாவைக் கழுவத் தூக்கினார். 'ஐயோ' என்று தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சரியாகிவிடும், நீ வேலைக்குப் போ என்று அவர்தான் என்னை அனுப்பினார்" என்றார். எனக்குக் கை சில்லிட்டது. கழுத்தைக் குனியச் சொன்னேன். தாடை மார்பைத் தொடவில்லை.

மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தால், முதல் 6 மணி நேரத்துக்குள் எடுத்த சிடி ஸ்கேனில், அனுபவமுள்ளவர் பார்த்தால், அது தப்புவது மிக அரிது. நேரம் போகப்போக அந்த உறுதி குறைகிறது. நாங்கள் எடுத்தபோது ஏழு மணி நேரம் கடந்திருந்தது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரவு, 12 மணி நேரம் முடிந்த பிறகு, முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தோம். தெளிந்த நீராக இருக்க வேண்டியது இளமஞ்சளாக வந்தது, கசிந்த இரத்தம் சிதைந்த நிறம். இரத்தக் குழாயில் பலூன்போல் ஒரு வீக்கம் இருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டார். ஆனால் பச்சை மண்டலத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்த அந்த மணி நேரங்களை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் தலைவலி என்றாலே ஸ்கேன் எழுதினேன். தலைக்கு எடுக்கும் ஒரு ஸ்கேனின் கதிர்வீச்சு ஏறக்குறைய 2 மில்லிசீவர்ட். இயற்கையாகவே சில மாதங்களில் நம்மீது படும் அளவுதான். அதனால் கதிர்வீச்சு என்னைத் தடுக்கவில்லை. என்னைத் திருத்தியது ஸ்கேனுக்கான வரிசை. ஓர் இரவு, பழைய ஒற்றைத் தலைவலிக்காக நான் அனுப்பிய இளைஞர் உள்ளே படுத்திருக்க, பக்கவாதம் வந்த பெரியவர் கதவுக்கு வெளியே காத்திருந்தார். மூளைக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அவருக்கு இருந்ததே நாலரை மணி நேரம்.

கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட விதியில் ஆறு கேள்விகள் உண்டு: வயது நாற்பதோ அதற்கு மேலோ, கழுத்து வலிக்கிறதா, குனிய முடியவில்லையா, யார் கண்ணெதிரிலாவது மயங்கினாரா, உடல் முயற்சியின்போது வந்ததா, இடிபோல் நொடியில் உச்சத்துக்கு ஏறியதா. திடீரென வந்த கடும் தலைவலியில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் சோதித்தாக வேண்டும். அந்த அம்மாவுக்கு எத்தனை ஆம்! நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மண்டை வெடிக்கிறது என்று நம்மவர் எந்தத் தலைவலிக்கும் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. அதனால் தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறேன். ஒற்றைத் தலைவலிக்காரர் காலையிலிருந்து மெல்லக் கூடியது என்பார். இடிபோல் திடீரென வலி வந்தவர் பெரும்பாலும் அப்போது கையில் இருந்த பொருளைக்கூடச் சொல்வார்.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்த மனைவியை அழைத்து வந்த கணவர், ஸ்கேன் எடுக்காமல் அனுப்புகிறீர்களே என்று கலங்கினார். உட்கார்ந்து, கண், கழுத்து, நடை எல்லாம் எதற்காகப் பார்த்தேன் என்று விளக்கினேன். எந்த மாற்றம் வந்தால் உடனே திரும்ப வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆயிற்று. ஸ்கேன் எழுத ஒரு நிமிடம் போதும்.

இப்போது தலைவலியோடு வந்தவர் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இல்லையென்றால், வலி தொடங்கிய நேரத்தில் கூட இருந்தவரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி நானே அழைக்கிறேன்.