மூணா, ஆறா?

பிளட் பவுல் (கற்பனை இனங்கள் அமெரிக்கக் கால்பந்து மாதிரி மோதும் பலகை விளையாட்டு) ஆடுபவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். என் ஸ்கேவன், அதாவது எலி மனிதர் அணியின் கட்டர் ரன்னர், 9 கட்டம் ஓடுகிற எலி, பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டு 3 அனுபவப் புள்ளி வாங்கினான். 2020 பதிப்பு விதிப்படி 6 புள்ளி சேர்ந்தால் திறனை நாமே தேர்ந்தெடுக்கலாம். 3 புள்ளிக்கு என்றால் பகடை விட்ட வழி. பொறுத்திருந்து, மோதலில் விழாமல் நிற்க உதவும் 'பிளாக்' வாங்கியிருக்க வேண்டும். நழுவித் தப்ப உதவும் 'டாட்ஜ்' ஏற்கெனவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அவனைச் சாய்ப்பது லேசில்லை. ஆனால் எலிக்கு ஏது ஆயுசு? அடுத்த ஆட்டத்திலேயே செத்துவிட்டால்?

சரி என்று உருட்டினேன். விழுந்தது 'கிக்'. ஆட்டத் தொடக்கத்தில் நாம் உதைக்கும் பந்து சிதறும் தூரம் பாதியாகும், அவ்வளவுதான். இந்த அழகுக்கு அவன் மதிப்பு 10,000 பொன் ஏறியது வேறு. எதிரே உட்கார்ந்திருந்த நண்பன் சிரித்தானே ஒரு சிரிப்பு! அவனுக்கென்ன, குள்ளர் அணி. பெரும்பாலானோர் பிளாக்கோடுதான் பிறக்கிறார்கள்.