உருக்காமல் கலக்கிற உலோகம்

ஆரையம்பதியில் மாமாவின் வெல்டிங் கடைக்குப் போனால் ஏதாவது ஒரு கேள்வி காத்திருக்கும். இந்த முறை ரிக் (TIG) வெல்டிங் ஊசியைக் காட்டிக் கேட்டார்: "மருமகன், இந்த டங்ஸ்டனோட வேற உலோகம் கலக்கிறீங்களாமே. உருக்கி ஊத்துறதுதானே?"

உருக்குவதில்தான் சிக்கல். டங்ஸ்டன் உருக 3422 பாகை செல்சியஸ் வேண்டும். செம்பு 2562 இலேயே கொதித்து ஆவியாகிவிடும், குரோமியம் 2671 இல். மாமாவின் கையிலிருந்த ஊசியும் வார்த்ததல்ல, தூளை அழுத்திச் சூடேற்றி இறுக வைத்து, அடித்து நீட்டியது. (சிவப்பு முனை ஊசியில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. தீட்டும்போது கட்டாயம் மாஸ்க் போடுங்கள் என்று அவரிடம் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்.)

நாங்கள் ஆய்வுகூடத்தில் டங்ஸ்டன் தூளையும் குரோமியத் தூளையும் கடினமான உருண்டைகளோடு குடுவையில் போட்டு, ஆகன் வாயு நிரப்பி மூடிச் சுழற்றுகிறோம். உருண்டைகள் மோதும்போது நடுவில் அகப்பட்ட துகள்கள் நசுங்கி ஒட்டும், உடையும், திரும்ப ஒட்டும். பராட்டா மாவை மடித்து மடித்துத் தட்டுவதுபோல அடுக்கின் மேல் அடுக்கு விழுந்து மெலிந்துகொண்டே போகும். பல மணித்தியாலம் ஓடினால் குரோமிய அணுக்கள் டங்ஸ்டன் பளிங்குக்குள்ளேயே புகுந்துவிடும். 1960களில் இன்கோ நிறுவனத்தில் ஜோன் பெஞ்சமின் நிக்கல் கலப்புலோகங்களுக்காகக் கண்ட வழி இது.

வெளியே வரும் தூள் வெறும் சாம்பல் நிறம்தான். ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் சில பத்து நனோமீற்றர் அளவில் எத்தனையோ மணிகள், அதாவது குட்டிக் குட்டிப் பளிங்குகள். எக்ஸ்-கதிர்ப் படத்தில் கூராக நிற்க வேண்டிய கோடுகள் அகன்று தெரியும். அந்த அகலத்திலிருந்து மணியின் அளவைக் கணிப்போம். உருண்டை உருக்கில் (ஸ்டீலில்) செய்ததென்றால் இரும்பும் தேய்ந்து தூளில் கலந்துவிடும். அதனால் டங்ஸ்டன் கார்பைட்டு உருண்டைதான் எனக்கு விருப்பம், விலை கூட என்றாலும்.

சரி, மணியைச் சிறிதாக்கியாயிற்று. தூளைத் திண்மமாக்கச் சூடேற்றினால் மணிகள் திரும்பப் பெரிதாகப் பார்க்கும். எனக்கு இதுதான் உண்மையான வேலை. 2012 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் டங்ஸ்டனோடு டைட்டேனியம் சேர்த்து, 1100 பாகையில் ஒரு வாரம் வைத்தும் மணிகள் 20 நனோமீற்றர் அளவிலேயே நின்றதைக் காட்டினார்கள். டைட்டேனியம் மணிகளின் எல்லைகளில் போய் அமர்ந்து அவற்றை நகரவிடாமல் பிடிக்கிறது. நான் குரோமியத்தை விடாததற்குக் காரணம் வேறு: அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்கும் அணுப்பிணைவு உலையின் உட்சுவருக்குத்தான் இந்த டங்ஸ்டன்; உள்ளே காற்றுப் புகுந்தால் சூடான டங்ஸ்டன் ஒக்சைட்டாகி ஆவியாகிப் பறக்கும். குரோமியம் கலந்திருந்தால் மேலே ஒரு ஒக்சைட்டுத் தோல் படர்ந்து அதை மெதுவாக்கும்.