அசதி என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றரை ஆண்டு

மகளுக்கு நான்கு வயதானபோது மகன் பிறந்தான். அதன் பிறகு வந்த அசதியை நான் ஒரு நோயாக நினைக்கவே இல்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அழும் கைக்குழந்தை வீட்டில். ஈரோட்டில் ஒரு நூல் நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு ஜி.எஸ்.டி. கணக்குகளை மாதந்தோறும் கெடு தவறாமல் அனுப்ப வேண்டிய நெருக்கடி அலுவலகத்தில். களைப்பு இல்லாமல் இருந்தால்தான் வியப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். என் அப்பாவும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுவார். "அப்பா களைச்சு வந்திருக்காரு, சத்தம் போடாதீங்க" என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சு. தந்தை என்றால் களைத்துத்தான் இருப்பார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை.

முதலில் பார்த்த மருத்துவர் சத்து மாத்திரைகளும் டானிக்கும் எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் கழித்து வேறொருவரிடம் சென்றபோது இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றும் சரியாக இருந்தன. வைட்டமின் பி12 மட்டும் 162 என்று வந்தது. அது 200க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், அசைவம் சாப்பிடாத வீடுகளில் இந்தக் குறைபாடு அடிக்கடி காணப்படுவது என்றும் அவர் விளக்கினார். ஊசிகள் போட்டுக்கொண்ட பின் பாதங்களில் இருந்த மதமதப்பு போய்விட்டது, ஆனால் களைப்பு குறையவில்லை. ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டதால், இன்னொன்றும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. மேலும் ஐந்து மாதங்கள் அப்படியே கழிந்தன.

ஒரு காலையில் மகளை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றபோது சிக்னலில் நின்றேன். அவளுடைய எண்ணெய் தடவிய தலை என் நெஞ்சில் சாய்ந்திருந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டியதும், "அப்பா, பச்சை விழுந்துருச்சு, எல்லாரும் ஆரன் அடிக்கிறாங்க" என்று சொன்னதும்தான். நின்ற வண்டியில் உறங்கியவன் ஓடும் வண்டியிலும் உறங்கக்கூடும் என்ற அச்சத்தில், அவளைப் பள்ளியில் விட்டபின் அலுவலகம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். மறுநாளிலிருந்து அவளைப் பள்ளி வேனில் அனுப்பினோம்.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியை மறக்க முடியாது: "உடம்பு அசதியா இருக்கா, இல்ல தூக்கம் தூக்கமா வருதா?" அதுவரை எல்லோரிடமும் நான் அசதி என்றே சொல்லியிருந்தேன், அசதி என்று சொன்னதால் அவர்களும் இரத்தத்தில் என்ன குறை என்று தேடினார்கள். உண்மையில் என் கைகால்கள் சோர்ந்திருக்கவில்லை, கண்கள்தான் மூடிக்கொண்டே இருந்தன. எதிலும் ஈடுபாடு குறைந்துவிட்டதா, மனம் கனத்திருக்கிறதா என்றும் அவர் பொறுமையாகக் கேட்டார். குழந்தை பிறந்த பின் தந்தையருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு என்பதால் அதைக் கேட்காமல் விடுவதில்லை என்றார். பிறகு எப்வொர்த் அளவுகோல் என்ற எட்டுக் கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். படிக்கும்போது, மதிய உணவுக்குப் பின் சும்மா அமர்ந்திருக்கும்போது, வாகனம் நெரிசலில் நிற்கும்போது என ஒவ்வொரு நிலையிலும் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 24க்கு 10ஐத் தாண்டினாலே பகல் தூக்கம் மிகுதி. எனக்கு 17 வந்தது.

உடன் வந்திருந்த என் மனைவியிடம் அவர் குறட்டையைப் பற்றிக் கேட்டபோதுதான், குழந்தைக்குப் பால் கொடுக்க எழும் நேரங்களில் அவள் கண்டதை நான் முதன்முறையாகக் கேட்டேன். குறட்டை திடீரென்று நின்றுவிடுமாம், நெஞ்சு மட்டும் ஏறி இறங்குமாம், மூச்சுச் சத்தமே இருக்காதாம். அவள் மனத்துக்குள் இருபது, இருபத்தைந்து என்று எண்ணிக்கொண்டிருக்கையில் நான் திணறி மூச்சை இழுத்துப் புரண்டு படுப்பேனாம். குறட்டை விடுபவர் நன்றாகத் தூங்குகிறார் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவந்ததால், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூக்கப் பரிசோதனைக்காகக் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஓர் இரவு தங்கினேன். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளைக் கட்டி, மூக்கில் ஒரு மெல்லிய குழாயும் விரலில் ஆக்சிஜன் அளவியும் மாட்டினார்கள். இத்தனையோடு எப்படி உறங்குவது என்று கவலைப்பட்டேன், ஆனால் பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டேன். மூச்சு பத்து வினாடிகளுக்குக் குறையாமல் நிற்பதையோ வெகுவாகக் குறைவதையோ எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்று கணக்கிடுகிறார்கள். உறக்கத்தில் மூச்சு தடைபடும் இந்த நோய்க்கு ஸ்லீப் ஏப்னியா என்று பெயர்; அந்த எண் 30ஐத் தாண்டினால் அது கடுமையானது. எனக்கு 38. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 78 சதவீதம் வரை இறங்கியிருந்தது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிட, ஒவ்வொரு முறையும் மூளை விழித்து அதைத் திறக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சில வினாடி விழிப்பு காலையில் நினைவில் இருப்பதில்லை. மகன் இரவில் என்னை மூன்று முறை எழுப்பினான் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், மணிக்கு முப்பது தடவைக்கு மேல் என்னை நானே எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிகிச்சை சிபேப் என்ற கருவி. முகமூடி வழியாகக் காற்றைச் சீரான அழுத்தத்தில் செலுத்தி மூச்சுவழி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. காப்பீட்டில் இதற்குப் பணம் கிடைக்கவில்லை. அதனால் முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கினேன், வாங்க நினைப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். முதல் வாரம் கொடுமையாக இருந்தது. வாய் வறண்டது, மூக்குத்தண்டில் தழும்பு விழுந்தது, நள்ளிரவில் என்னை அறியாமலே கழற்றி எறிந்திருந்தேன். அளவு சரியான வேறு முகமூடியும், காற்றை ஈரமாக்கும் தொட்டியும் சேர்த்த பின்தான் நிலைமை சீரானது. முகமூடியைப் பார்த்து மகள் பயப்படாமல் இருக்கட்டும் என்று, தினமும் காலையில் அதைக் கழுவித் துடைக்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், மதிய உணவுக்குப் பின் மேசையில் தலை சாயாமல் மாலை ஐந்து மணி வரை கணக்குப் பார்த்திருந்ததை வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் உணர்ந்தேன்.

கருவி வந்ததால் குழந்தை அழாமல் இருந்துவிடவில்லை. ஆகவே இரவைப் பங்கிட்டுக்கொண்டோம்: ஒன்பது முதல் ஒரு மணி வரை மகன் என் பொறுப்பு, மனைவி அடுத்த அறையில் உறங்குவாள், அதன் பிறகு அவன் அவளிடம், நான் கருவியோடு. இருவருக்குமே உடையாத சில மணி நேர உறக்கம் கிடைக்கிறது. அவள் எனக்கும் முன்பிருந்தே களைத்திருந்தாள் என்பதை என் தூக்கம் தெளிந்த பின்தான் பார்க்க முடிந்தது. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. எடையையும் ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். மல்லாந்து படுப்பதை விட்டு ஒருக்களித்துப் படுக்கிறேன்.

என் தம்பிக்கும் அப்பாவைப் போலவே குறட்டை உண்டு, அவனுக்கு எட்டு மாதக் குழந்தை. போன வாரம் பேசியபோது, "அசதியா இருக்குண்ணா, குழந்தை தூங்க விடறதில்ல" என்றான். அவன் உறங்கும்போது பத்து நிமிடம் செல்பேசியில் பதிவு செய்து அனுப்பும்படி அவன் மனைவியிடம் கேட்டேன். இரண்டாவது நிமிடத்தில் குறட்டை நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன், பத்தொன்பதில் அவன் திணறி மூச்சை இழுத்தான். வரும் திங்கட்கிழமை அவனை அழைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போகிறேன்.