"இது உங்களுக்கு எதற்கு?"

எங்கள் ஊர் தருமபுரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அண்ணன் மகளுக்குப் பால்பல் விழுந்து முளைத்த புதுப் பல்லிலேயே காவிக் கோடுகள். குடிநீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு மிகுந்தால் பல் இப்படிக் கறைபடும்; இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. அதற்கு மாற்றாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை 2013-இல் தொடங்கி வைத்தார்கள். எங்கள் தெருக் குழாயில் வருவது அந்தத் தண்ணீரா, பழைய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா? கேட்டால் ஆளுக்கொரு பதில். அதனால்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன்.

முதல் தவறு என்னுடையது. "எங்கள் தெருவுக்கு ஏன் நல்ல தண்ணீர் தருவதில்லை?" என்று எழுதிவிட்டேன். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும் அவர்கள் சொன்னது சரி. கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும். "ஏன்" என்று மனுவில் எழுதவே எழுதாதீர்கள். இரண்டாவது மனுவில், மேல்நிலைத் தொட்டித் தண்ணீரின் மூன்று ஆண்டுப் பரிசோதனை அறிக்கைகளின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினேன்.

நேரில் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்துக் கடையைப் பூட்டிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் மனுவை இரண்டு முறை படித்தார். "இது உங்களுக்கு எதற்கு?" என்றார். பிறகு, "ஆதார் நகல் எங்கே?" என்றார். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவுப்படி காரணம் கேட்கக் கூடாது, தொடர்புகொள்ளத் தேவையானது தவிர வேறு சொந்த விவரமும் கேட்கக் கூடாது என்றேன். "சட்டமெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறீர்களே சார்" என்று சிரித்துவிட்டு, சீல் போடுகிறவர் விடுப்பில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார். சீல் அவருடைய மேசை மேல்தான் இருந்தது. மை டப்பாவின் மூடி மேல் டீ டம்ளர்.

திரும்பும் வழியெல்லாம் மனத்துக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே வந்தேன். அரசமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் பேச்சுரிமைக்குள்தான் தெரிந்துகொள்ளும் உரிமையும் அடங்கியிருக்கிறது என்று 1975-இல் ராஜ் நாராயண் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே ஐயா! மாசில்லாத தண்ணீர் 21-ஆவது பிரிவின் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று 1991-இலும் சொல்லிவிட்டதே! நீங்கள் எனக்கு என்ன தர்மமா போடுகிறீர்கள்? இப்படி நன்றாகப் பேசுவதெல்லாம் பஸ் ஏறிய பிறகுதான் வருகிறது.

மறுநாள் ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். மனு கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்; அந்தக் கணக்குக்கு அதுதான் சாட்சி.

38-ஆம் நாள் கடிதம் வந்தது. 46 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், ஆக 92 ரூபாய் கட்டுங்கள் என்று. 92 ரூபாய் எனக்குப் பெரிதில்லை. ஆனால் கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6) பிரிவு. அட்டையின் நகலோடு மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதினேன். தாமதிக்கும் நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் என்ற 20-ஆவது பிரிவையும் கடைசி வரியில் சேர்த்தேன். இரண்டு வாரத்தில் தடித்த உறை வந்தது. காசு கேட்கவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஃப்ளோரைடு, உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று அச்சிட்ட கட்டத்துக்குப் பக்கத்தில், மூன்று அறிக்கைகளில் எண்ணே இல்லை. பேனாவால் போட்ட ஒரு சிறு கோடு மட்டும். சோதித்தார்களா, சோதித்து எழுதாமல் விட்டார்களா?

அடுத்த மனுவுக்கு வில்லை வாங்கி வைத்துவிட்டேன்.