பிக்சல் உடையுது

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து விடாத தூறல். கடையைத் திறக்கவில்லை. ஐப்பசி மாதம் மயிலாடுதுறைக்கு வருகிற கூட்டம் காவிரித் துலாக்கட்டத்தில் முழுகிவிட்டுப் போகும், டிடிபி கடைப் பக்கம் எட்டிப் பார்க்காது.

கொஞ்ச நாளாக ராத்திரியில் பழைய பாணி ஆர்பிஜி விளையாட்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது, எதிரே வருகிறவர்களிடம் பேசுவது, நடுவில் சண்டை, ஒவ்வொரு சண்டைக்கும் ஆட்களின் பலம் கொஞ்சம் கூடும். சண்டையும் சீட்டாட்டம் மாதிரிதான். நம் முறை, அப்புறம் எதிராளி முறை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜப்பானில் செழித்த வகை. இப்போது புதிதாகச் செய்கிறவர்களும் வேண்டுமென்றே அந்தக் காலத்துக் கட்டம் கட்டமான படத்தோடு வெளியிடுகிறார்கள்.

பழைய ஞாபகம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், எனக்கு அந்த ஞாபகமே கிடையாது. எங்கள் தெருவில் இருந்தது டிவி கேம். மஞ்சள் கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று போட்டிருக்கும், உள்ளே அதே பத்துதான் சுற்றிச் சுற்றி வரும். மரியோ, காண்ட்ரா, டாங்கி. ஊதிவிட்டுச் செருகுவோம். ஆர்பிஜி கேசட் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஃபைனல் ஃபேன்டசியைப் பார்த்ததே படிப்பு முடிந்த பிறகு, ஒரு நண்பனின் பென் டிரைவில். ஆக, இது ஜப்பான் பிள்ளைகளின் பழசு. எனக்கு ஏன் இனிக்கிறது?

நவம்பர் 4, செவ்வாய்

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்று, ஆறுக்கு நாலு. படம் வாட்ஸப்பில் வந்தது. ஸ்டாம்ப் அளவு, 71 கேபி.

"பிக்சல் உடையுதுண்ணே, வேற படம் இல்லையா?"

"இது ஒண்ணுதாம்பா இருக்கு."

ஏதோ கார்டுக்காக எடுத்த படம். மனிதர் வேறு எங்கேயும் நின்று படம் எடுத்துக்கொண்டதில்லையாம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மீசையையும் மூக்குக்கண்ணாடியையும் தேற்றினேன். பகலெல்லாம் பிக்சலை மறைப்பது என் பிழைப்பு. ராத்திரியானால் பிக்சலைப் பார்ப்பதற்காகவே கம்ப்யூட்டரைப் போடுகிறேன்.

தொழில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. அந்தக் காலத்து ஓவியர்கள் வரைந்தது டப்பா டிவிக்கு. படக்குழாயில் ஒரு புள்ளியின் நிறம் பக்கத்துப் புள்ளியில் கசியும். அந்தக் கசிவையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். செய்தித்தாள் படத்தை லென்ஸில் பார்த்தால் வெறும் புள்ளி, கையை நீட்டிப் பிடித்தால் முகம். அதே வித்தைதான். இன்றைய எல்இடி திரையில் கசிவு இல்லை, ஒவ்வொரு கட்டமும் கத்தியால் வெட்டினாற்போல் நிற்கிறது. 'பழைய அழகு' என்று நாம் ரசிக்கிற அந்தக் கூர்மை, அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தெரிந்தே இருக்காது.

அது பரவாயில்லை, கலப்படம்தான் தாங்கவில்லை. சில புது விளையாட்டுகளில் ஆள் பெரிய கட்டத்தில் இருப்பான், அவன் கை வாள் பொடிக் கட்டத்தில் இருக்கும், எழுத்து மட்டும் வழவழ என்று ஓடும். ஒரே பத்திரிகையில் ஐந்து ஃபான்ட் போடச் சொல்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

நவம்பர் 6, வியாழன்

ஃபைனல் ஃபேன்டசி 6-இல் ஓபெரா கட்டம் வந்தது. 1994-இல் சூப்பர் ஃபேமிகாம் என்கிற ஜப்பான் விளையாட்டுப் பெட்டிக்கு வந்தது. செலஸ் என்கிற முன்னாள் தளபதி, ஒரு பாடகிக்குப் பதிலாக மேடை ஏற வேண்டும். வரிகளை நாம் முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டு, அடுத்த வரி எது என்று சரியாகக் காட்ட வேண்டும். தப்பினால் நாடகம் நின்றுவிடும்.

செலஸின் மொத்த உயரம் 24 புள்ளி, அகலம் 16. அதற்குள் முடி, முகம், உடை எல்லாம். அழுகிற முகம் என்று தனியாக எதுவும் இல்லை. தலை குனிவாள், கை தூக்குவாள், முதுகைக் காட்டித் திரும்புவாள். அவ்வளவுதான் அவளால் முடியும். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் பொம்மலாட்டம் பார்த்திருக்கிறேன். சந்திரமதி பொம்மையின் முகத்தில் செதுக்கியபோது வைத்த அதே புன்னகைதான் மயானத்திலும் இருக்கும். தலை ஒரு பக்கம் சாயும், நூல் கொஞ்சம் நடுங்கும். எங்கள் அப்பாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அழுதது பொம்மையா அப்பாயியா?

இசையும் அப்படித்தான். அந்தப் பெட்டியில் ஒலிக்கென்று இருந்த நினைவகம் 64 கிலோபைட், ஒரே சமயத்தில் எட்டு ஒலி. மனிதக் குரலை வைத்துப் பாட வைப்பது லேசில்லை. குரல் சாயலில் ஒரு ஒலியைப் பிடித்து மெட்டை மட்டும் இழைத்தார்கள், பாட்டின் வரிகள் எழுத்தாக ஓடின. நாயனம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது என்ன புதுசா? நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாயனத்தில் ஏது வார்த்தை? ஆனால் சாகித்தியம் தெரிந்தவன் காதில் ஒவ்வொரு எழுத்தும் விழும்.

நான் இப்போது ஆடுவது 2022-இல் வந்த புதுப்பித்த பதிப்பு. அதில் நிஜப் பாடகர்களையே பாட வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள். பென் டிரைவ் காலத்தில் அந்த இடத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.

நவம்பர் 8, சனி

அக்கா குத்தாலத்திலிருந்து பையனோடு வந்திருக்கிறாள். ஏழாவது படிக்கிறான். போனில் ஓடிக்கொண்டே சுடுகிற விளையாட்டு ஆடிப் பழகிய கை. ஸீ ஆஃப் ஸ்டார்ஸைப் போட்டுக் கொடுத்தேன், 2023-இல் வந்தது.

"ஏன் மாமா, அடி வாங்கிட்டு சும்மா நிக்கிறான்? ஓட வேண்டியதுதானே?"

"அவன் முறை வரல."

"சண்டையில ஏது மாமா முறை?"

எனக்குப் பதில் வரவில்லை. உள்ளேயிருந்து அப்பாயிதான் சொன்னது: "பாரதக் கூத்துல அர்ச்சுனன் பாட்டு முடியுற வரைக்கும் கர்ணன் நின்னு கேட்டுக்கிட்டுதான்டா இருப்பான்."

அந்த விளையாட்டில் அடி விழுகிற நொடியில் பட்டனைத் தட்டினால் அடி பலமாகும். அது அவனுக்குப் பிடித்துவிட்டது. எதிரிகள் வழியிலேயே கண்ணுக்குத் தெரிவதால் எரிச்சலும் இல்லை. தண்ணீரும் வெயிலும் அப்படி வரைந்திருக்கிறார்கள், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆனால் பேச்சு வளவள. முதல் அரை மணி நேரம் உட்கார்ந்து வாசித்தான், பிறகு பட்டனைத் தட்டித் தள்ளிக்கொண்டே போனான். அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்கு இடமில்லாததால் ஒரு வரியில் முடித்தார்கள். இன்றைக்கு இடம் கொட்டிக் கிடக்கிறது.

2018-இல் வந்த ஆக்டோபாத் டிராவலரில் எனக்கு இருந்த மனத்தாங்கல் வேறு. எட்டுப் பேர், எட்டுக் கதை. நான்கு பேராகத்தான் நடக்கிறோம். ஆனால் ஒருவரின் கதைக் காட்சி வந்தால் மற்ற மூன்று பேரும் எங்கே போனார்கள் என்றே தெரியாது. துஷ்டி வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர்கள் மாதிரி.

நவம்பர் 9, ஞாயிறு

கோபமாக இருக்கிறேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒருவரே தனியாகச் செய்த சின்ன விளையாட்டு. பெயர் வேண்டாம். குகைக்குள் இரண்டு மணி நேரம். மூன்று அடி வைத்தால் திரை சுழன்று ஒரு சண்டை. வரைபடம் கிடையாது. சேமிக்கிற இடம் குகையின் கடைசியில் மட்டும். பையன் பக்கத்தில் உட்கார்ந்து "இடது மாமா, இடது" என்று கத்திக்கொண்டிருந்தான். மழை வலுத்தது. கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது, அது என் தப்பு. ஆனால் நினைத்த இடத்தில் சேமிக்க விடாதது யார் தப்பு?

"பழைய விளையாட்டுல அப்படித்தான் இருக்கும்னு நீதானே மாமா சொன்ன?" என்று வேறு கேட்டான்.

நவம்பர் 11, செவ்வாய்

கோபம் ஆறியபின் யோசித்தால், பழைய விளையாட்டில் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது.

1986-இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டின் மொத்த அளவு 64 கிலோபைட். நான் தேற்றிய அந்தக் கண்ணீர் அஞ்சலிப் படத்தைவிடச் சின்னது. அதற்குள் ஓர் உலகம், ஊர்கள், குகைகள், இசை. நாயகன் திரும்புகிற படம் வைக்க இடமில்லை, அதனால் எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்த்தபடியே நண்டு மாதிரி நகர்வான். படி இறங்க வேண்டுமென்றால்கூட மெனுவைத் திறந்து சொல்ல வேண்டும். ஸ்லைம் என்கிற எதிரியின் அதே படத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்தால் வேறு எதிரி. கேசட்டில் சேமிக்க வசதி இல்லாததால் 20 எழுத்தில் ஒரு மந்திரம் கொடுக்கும், தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதைச் சொல்லித்தான் தொடர வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் போச்சு. உலகம் சின்னது, அதனால் சண்டையைப் போட்டுப் போட்டு வழியை நீட்டினார்கள். வீட்டு ஆட்கள் அதிகம், மாவு கொஞ்சம் என்றால் தண்ணீரை ஊற்றித் தோசையை மெல்லிசாக வார்ப்பதில்லையா?

என்னைக் கடுப்பேற்றிய குகை அப்படி இல்லை. பெரிய குகை, ஆனால் சண்டை மட்டும் அந்தச் சின்ன உலகத்துக் கணக்கு. சித்தப்பா மகன் சிங்கப்பூர்ப் பணத்தில் பழைய மாதிரி முற்றம் வைத்து வீடு கட்டினான். தூண் பர்மா தேக்கு, தரையில் ஆத்தங்குடிக் கல். தண்ணீர் வெளியேற இரண்டு இஞ்ச் பைப். போன வாரம் கூடத்தில் கணுக்கால் தண்ணீர். "முத்தத்தைப் பாத்தான், தூம்பைப் பாக்கல" என்று அப்பாயி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறது.

தூம்பையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் வந்த செயின்ட் எக்கோஸ் (Chained Echoes), மத்தியாஸ் லிண்டா என்கிற ஜெர்மன்காரர் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்தது. எதிரி கண்ணுக்குத் தெரிவான். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் ஆட்கள் முழுசாகத் தேறிவிடுவார்கள், அதனால் மருந்துக்கு அலைய வேண்டாம். பலம் ஏற்ற ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி அடிக்கவும் வேண்டாம். படம் மட்டும் 1994 மாதிரி.

ஆனால் பழைய தொல்லை எல்லாமே வேண்டாத தொல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1987-இன் முதல் ஃபைனல் ஃபேன்டசியில், நாம் குறிவைத்த எதிரி முந்தியே செத்துப்போனால் நம் ஆள் வெறுங்காற்றை வெட்டுவான். பின்னால் வந்த பதிப்புகளில் அவனே அடுத்தவன் மேல் பாய்ந்துவிடுகிறான். எனக்குக் காற்றை வெட்டினவனைத்தான் பிடிக்கும். எவனுக்கு எத்தனை அடி தாங்கும் என்று யோசித்து ஏவ வேண்டியிருந்தது.

நவம்பர் 13, வியாழன்

நாலு வளைகாப்புப் பத்திரிகை, ஒரு காதுகுத்து. கம்ப்யூட்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கடைமுகம், ஐப்பசியின் கடைசி நாள் முழுக்கு. விடிகாலையில் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு போனோம். துலாக்கட்டத்தில் நிற்க இடமில்லை. அப்பாயி படியில் உட்கார்ந்து சொம்பால் தலையில் ஊற்றிக்கொண்டது. பையன் கரையில் விற்ற பிளாஸ்டிக் வாளுக்கு அடம் பிடித்து வாங்கிக்கொண்டான்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. ஐப்பசி முடிவதற்குள் வந்துசேர முடியாத முடவனுக்காக ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்த கதை.

அக்கா காலையில் கிளம்பிவிட்டாள். ராத்திரி அந்தக் குகைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு மேஜையைத் திறந்தால், ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு. பையனுடையது. கரண்ட் போன அன்றைக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஞாபகத்திலிருந்து குகையை வரைந்து வைத்திருக்கிறான். ஒரு கட்டம் ஓர் அடி. பெட்டி இருக்கிற இடத்தில் பச்சை, முட்டுச்சந்தில் சிவப்பு. இரண்டு இடத்தில் தப்பு, மற்றதெல்லாம் சரி. சண்டையோடு சேர்த்து முப்பத்தைந்து நிமிஷத்தில் குகையின் கடைசிக்குப் போய்ச் சேமித்துவிட்டேன்.

சேமிக்கிற இடத்துக்கு முந்தின கட்டத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில்: "மாமா இங்க வலது பக்கம் போகாத, அங்க ஒண்ணும் இல்ல."

வலது பக்கம் போய்ப் பார்த்தேன்.