பயிரை ஈடாக எழுதி வாங்கினால் போதுமா? இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பயிர்க்கடன்

இரண்டு நாட்டிலும் பயிர்க்கடன் பத்திரத்தில் விளைச்சல்தான் ஈடு. அறுவடை முடிந்த மறுநாள் அந்த ஈட்டுக்கு என்ன மதிப்பு என்பதில்தான் வித்தியாசம்.

இங்கே ரிசர்வ் வங்கி ஒதுக்கீடு வைத்து நெருக்குகிறது. வங்கி தரும் கடனில் 18 சதவீதம் விவசாயத்துக்குப் போக வேண்டும், அதற்குள் 10 சதவீதம் சிறு, குறு விவசாயிகளுக்கு. குறைந்தால் அந்தத் தொகையை விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் ஊரக உள்கட்டமைப்பு நிதியில் குறைந்த வட்டிக்குப் போட நேரும். அதனால் கொடுத்துவிடுகிறார்கள். எப்படித் திரும்பும் என்பது வேறு கதை.

கிசான் கடன் அட்டையில் தொகை வருவது இப்படி. ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக நிர்ணயிக்கிறது. அது 35,000 ரூபாய் என்று வைத்தால் மூன்று ஏக்கருக்கு 1,05,000. வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கு 10 சதவீதம், கருவிப் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்த்தால் 1,36,500. பயிர்க் காப்பீட்டு பிரீமியம் தனி. வட்டி 7 சதவீதம். தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை, ஒரு நாள் தவறினாலும் போச்சு. முழுத் தொகையும் ஓராண்டு நின்றிருந்தால் அந்தச் சலுகை 4,095 ரூபாய். அதனால்தான் கெடு நெருங்கும்போது இரண்டு நாளைக்குக் கைமாற்று வாங்கிக் கட்டி, மறுபடி எடுத்து, வட்டிக்காரருக்குத் திருப்புவது நடக்கிறது. ஏட்டில் கடன் வசூலாகிவிட்டது. வயலிலிருந்து ஒரு பைசா வரவில்லை.

விளைந்த நெல்லை வாங்கும் வியாபாரிக்கு அது வங்கிக்கு ஈடு என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமும் நடைமுறையில் இல்லை. ஆகவே மேலாளர் பயிரை நம்பாமல் பட்டாவையும் நகையையும் பார்க்கிறார். கரும்பு விதிவிலக்கு. கரும்புப் பணத்திலிருந்து ஆலையே கடனைப் பிடித்து வங்கிக்குக் கட்டும் ஏற்பாடு இருந்தால், 3 லட்சம் வரை வேறு பிணை கேட்காமல் தர வழி உண்டு.

அமெரிக்காவில் எல்லாப் பயிருமே கிட்டத்தட்ட கரும்பு மாதிரி. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் தந்தவர் தானியம் வாங்குவோருக்கு முன்கூட்டி எழுத்தில் அறிவிக்கலாம். சில மாநிலங்களில் மையப் பதிவேடே இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு, வாங்குபவர் பெரும்பாலும் விவசாயி பெயரும் வங்கி பெயரும் சேர்ந்த காசோலைதான் எழுதுவார். அதை மீறினால் அதே தானியத்துக்கு வங்கிக்கு இன்னொரு முறை பணம் தர நேரிடலாம். யாருக்கு விற்பேன் என்று பட்டியல் தரும்படி வங்கி சொல்லியிருக்கும்போது, பட்டியலில் இல்லாதவருக்கு ஏழு நாள் முன்னறிவிப்பின்றி விற்கும் விவசாயிக்கு அபராதம்: 5,000 டாலர் அல்லது கிடைத்த தொகையில் 15 சதவீதம், எது அதிகமோ அது. கடுமைதான்.

ஆனால் லாபமும் அங்கேயே இருக்கிறது. அந்நாட்டு விவசாய நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குத்தகை. நிலமில்லாதவரும் பயிரையும் எந்திரங்களையும் காட்டிக் கடன் வாங்குகிறார், மூன்றாண்டு வரிக் கணக்கும் வரவுசெலவு மதிப்பீடும் சுத்தமாக இருந்தால். வாய்மொழிக் குத்தகையில் உழும் நம் ஊர்க்காரருக்கு, பெயர் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏறாதவரை, ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழு தவிரப் பெரிதாக வழியில்லை.

நொடித்துப் போனால்? அங்கே 1986-இல் வந்த திவால் சட்டத்தின் 12-ஆம் அத்தியாயம், உபரி வருமானத்திலிருந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கட்ட விடுகிறது. இங்கே 1990, 2008 போலத் தள்ளுபடி. அது வரும் வரை வட்டி ஓடும்.

அமெரிக்க ஏற்பாட்டுக்கு இங்கே நெருங்கி வருவது, கிடங்கில் வைத்த சரக்குக்குக் கணினியில் பதிவாகும் மின்னணு கிடங்கு ரசீதுதான். பதிவு பெற்ற கிடங்கில், உலர்ந்து தரம் பார்த்த சரக்குக்கு மட்டும் கிடைக்கும். ரசீதில் வங்கியின் உரிமை ஏறிவிட்டால், அதை நீக்காமல் மூட்டை வெளியே வராது.