பழைய பால் ஸ்டோர் வாசல், சனிக்கிழமை காலை 7 மணி: பிள்ளைகளோடு சைக்கிள் ஓட்டம்

அப்பாவின் ராலே சைக்கிள் இன்னும் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது. கேரியரின் இரண்டு பக்கமும் பெயிண்ட் போய் வெறும் இரும்பு தெரியும், ரப்பர் பால் வாளிகள் தொங்கி உரசி உரசித் தேய்ந்த இடம் அது. மழை நாளில் பக்கத்தில் போய் நின்றால் இப்போதும் லேசாக ஒட்டுப்பால் வாடை அடிக்கிற மாதிரி இருக்கிறது. விடியற்காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அதில்தான் போவார், பெரட்டு முடிந்து தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரப்பட்டையை வெட்டிவிட்டு, பால் வடிந்ததும் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மதியம் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். நான் முன் பாரில், பை கேரியரில்.

அப்போதெல்லாம் சைக்கிளுக்கு யாரும் பயந்ததில்லை. தோட்டத்துக்குள் செம்மண் சாலை, ஒரு நாளைக்கு இரண்டு லோரி வந்தால் அதிகம், அதை ஓட்டுகிறவர் எந்த லயத்தில் குடியிருக்கிறார் என்பதுகூட எல்லாருக்கும் தெரியும். ஆறு வயதில் பெரிய சைக்கிளின் பாருக்குக் கீழே காலை விட்டு ஓட்டிப் பழகி, விழுந்து, முட்டியில் செம்மண்ணோடு ரத்தம் காய்ந்து, மறுபடி ஏறி ஓட்டினோம். பிறகு ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. அப்புறம் தோட்டத்தில் ஒரு பகுதி வீட்டு மனையானது, லயங்கள் இடிக்கப்பட்டன, நாங்கள் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாமான் என்கிற புதுக் குடியிருப்புக்குக் குடிவந்துவிட்டோம். பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

தாமானுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் 2 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அந்தச் சாலை இருக்கிறது. எங்கள் ஊர் மலேசியாவின் கெடா மாநிலத்தில், தெற்குப் பக்கம், சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் இடையில். 1996இல் கூலிம் ஹை-டெக் பார்க் திறந்த பிறகு இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு வேலை கிடைத்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான், என் தம்பியும் அங்கேதான் வேலை செய்கிறான். ஆனால் ஷிப்ட் மாறும் நேரமும் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரமும் ஒன்றாகிவிட்டது. தொழிற்சாலை பஸ், செம்பனைக் குலை ஏற்றிய லோரி, மணல் லோரி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தார், அதற்கப்புறம் சரளைக்கல், அதற்கப்புறம் கால்வாய். சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அந்த ஒரு சாண்தான்.

போன வருஷம் என் மகள் நான்காம் ஆண்டுக்குப் போனதும், "அம்மா, நான் சைக்கிள்ல போறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர மனசு ஒப்பவில்லை. மறுநாள் பள்ளி வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன், மூன்றே மூன்று சைக்கிள். நான் படித்த காலத்தில் அதே கொட்டகையில் நிறுத்த இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள், ஒரே மோட்டாரில் அப்பாவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சைக்கிள் ஆபத்து என்று நினைத்துத்தான் நாம் பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றுகிறோம். ஆனால் மலேசியாவில் சாலை விபத்தில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்தான். லைசென்ஸ் எடுக்க 16 வயது ஆக வேண்டும், ஆனால் நம் தாமானில் 13 வயதுப் பையன் கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் ரொட்டி சானாய் வாங்கப் போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த வயதில் அவனுக்குச் சைக்கிளில் போக ஒரு பாதை இருந்திருந்தால் கப்சாயைத் தொட்டிருக்க மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

சரி, அப்படித்தான் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து வாரம் ஒரு நாள் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தோம். கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி உண்டு, அதனால் சனிக்கிழமை. பழைய பால் ஸ்டோர் கட்டடத்தின் சிமெண்டுத் திண்ணை இன்னும் இடியாமல் நிற்கிறது, அங்கே கூடுவது என்று முடிவானது. அங்கிருந்து செம்பனைக்குள் போகும் மண் சாலையில் ஒரு சுற்று, பிறகு பெரிய சாலையைக் கடந்து தாமான், மறுபடி கடந்து கோயில். போலீஸ் நிலையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், சாலையைக் கடக்கும் இடத்தில் ரேலா தொண்டர் படைக்காரர்கள் இரண்டு பேர் கொடி பிடித்து நிற்பார்கள். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர், கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் தங்கிவிடக் கூடாது, முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

இந்த வட்டாரத்தில் சைக்கிள் நிகழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. செம்பனைத் தோட்டங்களுக்குள் ஜம்போரி நடக்கும், கட்டணம் கட்டினால் டீ-சர்ட், முடித்தால் பதக்கம், அதிர்ஷ்டக் குலுக்கலில் முதல் பரிசு ஒரு சைக்கிள். நல்ல நிகழ்ச்சிதான், ஒட்டுக்கடைக்காரர்களுக்கு அன்றைக்கு வியாபாரமும் நடக்கும். ஆனால் காருக்குப் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் மதியம் திரும்பிப் போய்விடுவார்கள், நம் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்திருப்பார்கள். எனக்கு வேண்டியது திங்கட்கிழமை காலையும் ஓட்டுகிற சைக்கிள். கோலாலம்பூரில் 2014 முதல் ஞாயிறு காலைகளில் நகர நடுவில் சாலையை மூடிச் சைக்கிளுக்கு விடுகிறார்கள், அங்கே ஒருமுறை மகளோடு போயிருக்கிறேன், அந்த அகலச் சாலையில் அவள் கையை விரித்துக்கொண்டு ஓட்டியதைப் பார்த்தபோது நம் ஊரிலும் ஒரு மணி நேரமாவது இப்படி முடியாதா என்று ஏங்கினேன்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தோம். இரண்டாவது வாரம் அந்தப் பையன்கள் வந்தார்கள்.

லாஜாக் பையன்கள். தாமானில் பாதிப் பேர் அவர்களைத் திட்டுகிறார்கள். பிரேக்கைக் கழற்றி, ஹேண்டலைத் தாழ்த்தி, இறக்கத்தில் வயிறு சீட்டில் படியக் குப்புறப் படுத்து விடுகிற சைக்கிள்தான் லாஜாக். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் விடியற்காலை மூன்று மணி வாக்கில் லாஜாக் ஓட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்களே, அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து லாஜாக் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். அதனால் நான்கு பையன்கள் திண்ணைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், பிரேக் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களில் மூத்தவன், 15 வயது இருக்கும், கொஞ்சமும் கோபப்படாமல் கேட்டான்: "அஸிஸுல் சைக்கிள்லயும் பிரேக் இல்லதானே அக்கா?"

உண்மைதான். நம் நாட்டுச் சைக்கிள் வீரர் அஸிஸுல்ஹாஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார், தோக்கியோவில் வெள்ளி, அவர் கெய்ரின் பந்தயத்தில் ஓட்டுகிற டிராக் சைக்கிளில் பிரேக் கிடையாது. எனக்குப் பதில் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார், பையனின் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார், டிக்டிக்கென்று சுற்றியது. "பாரு தம்பி, இது ஃப்ரீவீல். நீ மிதிக்கிறத நிறுத்தினாலும் சக்கரம் நிக்காது. அவரு சைக்கிள்ல சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும், கால அழுத்தியே வேகத்தக் குறைப்பாரு. அதோட, அவரு ஓட்டுற எடத்துல எதிர்ல குலை லோரி வருமா?" என்றார். பையன் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் நான்கு சைக்கிளிலும் பிரேக் இருந்தது, முன்னும் பின்னும்.

இப்போது எங்கள் மெக்கானிக்குகள் அவர்கள்தான். செம்பனை மட்டை முள் டயரில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் சக்கரம் தட்டையாகக் கிடக்கும். டியூபை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துப் பசை தடவுகிறார்கள். பசை தடவிய உடனே பேட்சை ஒட்டினால் நிற்காது, மினுமினுப்பு அடங்கி ஒட்டும் பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பைத்தான் அப்பா அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். டயரின் உள்பக்கம் விரலால் தடவி முள்ளை எடுக்காமல் டியூபைப் போட்டால் திரும்பவும் பஞ்சர் என்பதை அவர்கள் அவருக்குக் காட்டினார்கள், டார்ச் அடித்து, அவர் கண்ணுக்குத் தெரியாத முள்ளை இடுக்கியால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் தாமான் வீடுகளின் பின்பக்கம் துருப்பிடித்துக் கிடந்த பிள்ளைகள் சைக்கிள் பலவற்றை ஓட வைத்துவிட்டார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய காரியம் இல்லை. பள்ளி வாசலில் 30 கிலோமீட்டர் வேகப் பலகை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் அந்தப் பலகைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, அங்கே வண்டிகள் இரண்டு மடங்கு வேகத்தில் வருகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்கு. அந்தப் பலகையைத் தள்ளி நட வேண்டும், கடக்கும் இடத்தில் பொத்தான் அழுத்தினால் சிவப்பு விழும் விளக்கு வேண்டும், சரளைக்கல் கிடக்கும் ஓரத்தில் ஒன்றரை மீட்டர் தார் வேண்டும். மலாயில் மனு எழுதியாயிற்று, பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. சாலையோரத்தை நாடா வைத்து அளந்து, படமும் எடுத்து இணைத்திருக்கிறோம். அளந்தவர்களும் அந்தப் பையன்கள்தான், கால்வாயில் இறங்கி நின்று.

போன சனிக்கிழமை என் மகள் முதன்முதலாக அந்தச் சாலையைத் தன் சைக்கிளில் கடந்தாள். ரேலாக்காரர் கொடி காட்டினார், குலை லோரி ஒன்று நின்றது, ஓட்டுநர் ஜன்னல் வழியே கையை வெளியே போட்டுப் பின்னால் வந்த வண்டிகளையும் நிறுத்தி வைத்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வலது, இடது, மறுபடி வலது பார்த்துவிட்டு மிதித்தாள். எனக்குத்தான் பிரேக்கைப் பிடித்த கை வலித்தது. கோயில் வாசலில் எல்லாரும் பசியாறினோம், இட்லியும் மிளகாய்ச் சம்பலும்.

இந்தச் சனிக்கிழமையும் அதே இடம், அதே நேரம். மழை பெய்தால் 8 மணி வரை திண்ணையில் காத்திருப்போம். ஹெல்மெட் கூடுதலாக மூன்று இருக்கிறது. 20 அங்குல டியூப்தான் பற்றாக்குறை, யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால், ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள், பையன்கள் ஒட்டிவிடுவார்கள்.